மூச்சை எண்ணியவள்

அவளுக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் செய்கிறது. அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் அவளே திரும்பிப் பார்க்க மாட்டாள். எல்லோருக்கும் அவள் லிஃப்ட் அக்கா. ஆறு மாடி ஜவுளிக் கடை ஒன்றில் பதினொரு வருஷம் லிஃப்ட் இயக்கினவள். மூலையில் ஒரு ஸ்டூல், எதிரே பித்தான்கள், வாயில் "மூணாவது மாடி, குழந்தைங்க துணி." ஒரு நாளைக்கு நூற்றைம்பது தடவையாவது ஏறி இறங்குவாள். அத்தனையையும் கூட்டி ஒரே நேராகக் கீழே விட்டிருந்தால், பூமியைத் துளைத்துக்கொண்டு அந்தப் பக்கம் எட்டிப் பார்த்துவிட்டு வந்திருப்பாள்.

ஒரு நாள் மூன்றாவது மாடிக்கும் நான்காவது மாடிக்கும் நடுவில் கரண்ட் போய் லிஃப்ட் நின்றுவிட்டது. உள்ளே இவளும் ஒரு நிறைமாதக்காரியும் மட்டும். நிறைமாதக்காரிக்கு அங்கேயே வலி எடுத்துவிட்டது. எவ்வளவு நேரம் மாட்டிக்கொண்டார்கள் என்று கேட்டால் கடைக்காரர்கள் முக்கால் மணி என்பார்கள். லிஃப்ட் அக்கா இரண்டு மணி என்பாள். நான் சொல்லும்போது அது மூன்று மணி ஆகிவிடும். கேட்பவர்கள் அப்படி வாயைப் பிளந்துகொண்டு உட்கார்ந்தால் நான் என்னதான் செய்வது? எது எப்படியோ, இரண்டு பேர் ஏறிய லிஃப்டிலிருந்து மூன்று பேர் இறங்கினார்கள். அதில் மூன்றாவது ஆள் கதவைத் திறந்த மெக்கானிக்கின் மேலேயே நனைத்துவிட்டது என்பது மட்டும் சத்தியமான உண்மை.

அன்றைக்கு அவள் கையில் கடிகாரம் இல்லை. நேரம் தெரியாத இருட்டுக்குள் தன் மூச்சை ஒவ்வொன்றாக எண்ணிச் சத்தமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். வலிக்காரியும் கூடவே எண்ணினாள். பிள்ளை பிறந்துவிட்டது. அதிலிருந்து லிஃப்ட் அக்கா ஒரு முடிவுக்கு வந்தாள்: பிரசவத்தில் பெண்ணைப் பயமுறுத்துவது வலி இல்லை, மணி. 'இத்தனை மணி ஆச்சே, இன்னும் ஆகலையே' என்ற நினைப்புதான் உடம்பை இறுக்குகிறது.

கடை வேலையை விட்டாள். முறையாகப் பயிற்சி எடுத்துப் பிரசவத் துணையாக ஆனாள். மருத்துவச்சி இல்லை, நர்ஸும் இல்லை. ஊசி, கத்தரிக்கோல் எதையும் தொட மாட்டாள். முதுகைத் தேய்த்துவிடுவாள், கால் மாற்றி உட்கார வைப்பாள், உறிஞ்சு குழாய் வைத்துத் தண்ணீர் கொடுப்பாள், கையைக் கொடுப்பாள். அந்தக் கையில் நகக்குறி இல்லாத இடம் ஒரு நாணயம் அளவுகூட இருக்காது. பதினான்கு வருஷம், எல்லாமே ஆஸ்பத்திரிப் பிரசவங்கள். அறைக்குள் போனதும் முதல் காரியமாகச் சுவர்க் கடிகாரத்தைக் கழற்றிக் குப்புறப் போட்டுவிடுவாள். நேரம் வேண்டுமென்றால் அவள் மூச்சு இருக்கிறது. பதினைந்து மூச்சு ஒரு நிமிஷம். நர்ஸுகள் கைக்கடிகாரத்தை ஒளித்து வைத்துச் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். ஒரு நிமிஷம்கூடப் பிசகவில்லை. அவர்கள் திகைத்துப் போய் டாக்டரம்மாவிடம் சொல்ல, டாக்டரம்மா, "அப்ப அந்த அம்மாவைச் சுவத்துல மாட்டிடுங்க" என்றாராம்.

இப்படிப்பட்டவளிடம்தான் தையல்காரி வந்தாள்.

ஏழு மாத வயிறு. கழுத்தில் அளவு நாடா, அதைக் கழற்ற மறந்தே வந்திருந்தாள். மூத்த பெண்ணுக்கு ஐந்து வயது. அந்தப் பிரசவம் ஆபரேஷன்.

"வீட்டுலயே பெத்துக்கப் போறேன் அக்கா. நீங்க வரணும்."

"டாக்டரம்மா என்ன சொன்னாங்க?"

"வேணாம்னாங்க. ஏற்கெனவே வெட்டின தழும்பு இருக்கு, வலி வரும்போது அது பிரிஞ்சா நிமிஷக் கணக்குதான், ஆஸ்பத்திரியிலதான் இருக்கணும்னாங்க."

"அவங்க சொல்றது சரிம்மா. நான் வர மாட்டேன்."

தையல்காரி கோபப்படவில்லை. நாடாவைக் கழற்றி விரலில் சுற்றிக்கொண்டே சொன்னாள். "மூத்தவ பொறக்கும்போது என்கிட்ட ஒரு வார்த்தை கேக்கலை. தள்ளிட்டுப் போனாங்க. எதுக்குன்னு கேட்டேன், பேசாம இருன்னாங்க. என் வயித்தை வெட்டிக்கிட்டே லீவுக்கு எங்க போறதுன்னு பேசிக்கிட்டாங்க. மலையா கடலான்னு. நான் ஒரு துணியை வெட்டறதுக்கு முன்னாடி நாலு தடவை கேப்பேன் அக்கா. இங்க வெட்டவா, இது போதுமான்னு. நான் துணியைவிடக் கேவலமா?"

அப்படி நடந்த அறைகளில் லிஃப்ட் அக்காவும் நின்றிருக்கிறாள்.

"நீங்க வரலைன்னா பரவாயில்லை. கதவைச் சாத்திக்கிட்டு நானே பாத்துக்கறேன்."

அந்த வார்த்தைதான் லிஃப்ட் அக்காவைப் பிடித்துக்கொண்டது. சாத்திய கதவு, உள்ளே தனியாக ஒருத்தி, வயிற்றில் பழைய தழும்பு. அந்தப் படம் கண்ணை விட்டுப் போகவில்லை. 'நான் போகாவிட்டால் இவள் தனியாகக் கிடப்பாள். போனால், போனதற்கு நான் பதில் சொல்ல வேண்டும்.' இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. மூன்றாம் நாள் போய்ச் சரி என்றாள். முகத்தில் மட்டும் லிஃப்ட் ஸ்டூலில் உட்கார்ந்திருந்த அதே சிரிப்பு. பயந்த ஆளுக்குப் பக்கத்தில் பயத்தைக் காட்டக் கூடாது என்பது அவள் தொழிலின் முதல் பாடம். தையல்காரி அவள் கையைப் பிடித்துக்கொண்டு ஒரு சத்தியம் வாங்கினாள்.

"என்னைக் கேக்காம என்னை எங்கயும் தூக்கிட்டுப் போகக் கூடாது."

"கேக்காம ஒண்ணும் நடக்காதும்மா."

சொல்லிவிட்டாள். சொன்ன அன்றிலிருந்து அந்தச் சத்தியம் தொண்டையில் மீன்முள் மாதிரி நின்றது. இவள் வேண்டாம் என்று சொல்லும் நேரத்தில் போக வேண்டி வந்தால்?

பிரசவம் பார்க்க ஒரு ஆள் வேண்டும். முப்பது வருஷம் பிரசவ வார்டில் இருந்து ஓய்வு பெற்ற சிஸ்டர் ஒருவர் இருந்தார். குரல் கணீரென்று இருக்கும். அவர் கிசுகிசுத்தால் அடுத்த தெருவில் நாய் எழுந்துவிடும். சிஸ்டர் கேட்டதும் கத்தினார்.

"உனக்குப் புத்தி கித்தி இருக்கா? தழும்பு வயித்தை வீட்டுல வச்சுப் பாக்கறதா?"

"நாம போகலைன்னா தனியாப் பெத்துக்குவா, சிஸ்டர்."

சிஸ்டர் வெகுநேரம் கண்ணாடியைத் துடைத்தார். பிறகு ஒரு தாளில் எழுதினார். வலி ஐந்து நிமிஷத்துக்கு ஒன்று ஆவதற்குள் எனக்கு ஆள் வர வேண்டும். நிறம் மாறின தண்ணீர் போனால், ரத்தம் பட்டால், தழும்பு இடத்தில் வலி விட்டு விட்டு வராமல் நின்று வலித்தால், யாரையும் கேட்காமல் ஆஸ்பத்திரி. 'யாரையும் கேட்காமல்' என்பதற்குக் கீழே இரண்டு கோடு.

தையல்காரி தாளை வாங்கி, அந்த இரண்டு வார்த்தையையும் பேனாவால் அடித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டாள். "கேளுங்க. கேட்டா வரேன்" என்றாள்.

வீடு நாலாவது மாடியில். கட்டடத்தில் லிஃப்ட் கிடையாது. லிஃப்ட் அக்காவுக்கு வாய்த்ததைப் பாருங்கள். படிக்கட்டு ஒவ்வொரு திருப்பத்திலும் குறுகி வளைகிறது. ஸ்ட்ரெச்சர் திரும்பாது என்று அளவு நாடாவை வைத்துத் தையல்காரியே அளந்து சொன்னாள். ஆகவே நாற்காலியில் வைத்துத் தூக்குவது என்று முடிவாயிற்று. தூக்கினால் எவ்வளவு நேரம் ஆகும்? ஒத்திகை பார்த்துவிடலாம் என்றாள் லிஃப்ட் அக்கா.

தையல்காரியின் புருஷன் பஸ் டிரைவர். நல்ல மனுஷன். பத்து வார்த்தைக்கு ஒரு வார்த்தை பேசுவான். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், சிநேகிதனின் காரை இரவல் வாங்கி வாசலில் நிறுத்தினான். முதல் மாடி சைக்கிள் மெக்கானிக்கைத் துணைக்குக் கூப்பிட்டான். நாற்காலியில் உட்கார ஆள் வேண்டுமே! நிறைமாதக்காரியை உட்கார வைத்து ஒத்திகை பார்க்க முடியுமா? லிஃப்ட் அக்காவே வயிற்றில் தலையணையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தாள்.

"அக்கா, தலையணை வேணாமே, நீங்க சும்மாவே போதும்" என்றான் மெக்கானிக், ஒரு கை போட்டுப் பார்த்துவிட்டு.

"வாயை மூடிட்டுத் தூக்குடா."

இரண்டாவது மாடித் திருப்பத்தில் அவளை அப்படியே சாய்த்தார்கள். அந்தச் சாய்வில் கீழ் மாடிக்காரர் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் என்ன இருந்தது என்பது வரை பார்த்துவிட்டதாகச் சொல்கிறாள். காரில் ஏற்றினார்கள். டிரைவர் காரை எடுத்தான். எடுத்தவன் பழக்கதோஷத்தில் முதல் பஸ் நிறுத்தத்தில் ஒதுக்கி நிறுத்திவிட்டான். அங்கே நின்றிருந்த ஒரு அம்மாள் கதவைத் திறந்து ஏறியும் உட்கார்ந்துவிட்டாள். அவளை இறக்கிவிடுவதற்குள் இரண்டு நிமிஷம். அடுத்த நிறுத்தத்திலும் கால் பிரேக்குக்குப் போக, லிஃப்ட் அக்கா பின்னாலிருந்து ஒரு அதட்டல் போட்டாள்.

ஆஸ்பத்திரி வாசலில் காவல்காரர் வயிற்றைப் பார்த்தார், விசில் ஊதினார். இவள் வாயைத் திறப்பதற்குள் சக்கர நாற்காலி வந்துவிட்டது. "இல்லைங்க, நான் சும்மா…" "எல்லாரும் இப்படித்தாம்மா சொல்லுவாங்க, பயப்படாதீங்க." பிரசவ வார்டு வரை தள்ளிக்கொண்டு போய்விட்டார்கள். பெரிய நர்ஸ் நிமிர்ந்து பார்த்து, "எத்தனையாவது மாசம்?" என்றார். லிஃப்ட் அக்கா தலையணையை உருவிக் கையில் கொடுத்தாள்.

வீட்டுக்குத் திரும்பி எல்லோரும் சிரித்தார்கள். தையல்காரி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். பிறகு கேட்டாள்.

"எவ்வளவு நேரம் ஆச்சு?"

டிரைவர் சொன்னான். "பத்தொம்பது நிமிஷம்."

சிரிப்பு நின்றுவிட்டது.

"பஸ் நிறுத்தத்தைக் கழிச்சா பதினேழு" என்றான் மெக்கானிக், உதவி செய்கிற நினைப்பில்.

"பதினேழு நிமிஷத்துல என்ன ஆகும் அக்கா?"

"தெரியாதும்மா" என்றாள் லிஃப்ட் அக்கா. அது பாதி உண்மைதான். மீதிப் பாதியை டாக்டரம்மா ஏற்கெனவே சொல்லியிருந்தார். அன்றைக்கே, 'எனக்குப் பயமா இருக்கு, வேணாம்' என்று சொல்லியிருக்கலாம். நாக்கு நுனி வரை வந்தது. தையல்காரியின் முகத்தைப் பார்த்தாள், பழைய சிரிப்பை எடுத்து மாட்டிக்கொண்டாள்.

வலி வந்தது ஒரு செவ்வாய்க்கிழமை விடியற்காலை. லிஃப்ட் அக்கா எட்டு மணிக்குப் போய்ச் சேர்ந்தாள். மூத்த பெண்ணை அத்தை வீட்டுக்கு அனுப்பியாயிற்று. தையல் மிஷினை ஓரமாகத் தள்ளிப் பாய், மெத்தை, துணி எல்லாம் விரித்திருந்தது. லிஃப்ட் அக்கா வழக்கம்போலச் சுவர்க் கடிகாரத்தைக் கழற்றினாள். டிரைவரின் கைக்கடிகாரத்தையும் கழற்றச் சொன்னாள். போன்களைக் குப்புற வைத்தாள்.

"தம்பி, நீ முன்னறையில இரு. கூப்பிட்டா வா."

டிரைவர் போனான். கதவை ஒட்டி உட்கார்ந்தான்.

தையல்காரி நன்றாகத்தான் சமாளித்தாள். வலி வரும்போது மிஷினின் பலகையைப் பிடித்துக்கொண்டு முன்னும் பின்னும் அசைவாள். போனதும் முகத்தைத் துடைத்துக்கொண்டு பேசுவாள். லிஃப்ட் அக்கா மனதுக்குள் எண்ணிக்கொண்டே இருந்தாள். ஒரு வலிக்கும் அடுத்த வலிக்கும் நடுவில் நூற்றிருபது மூச்சு. எட்டு நிமிஷம். மறுபடி நூற்றுப் பதினெட்டு. மறுபடி நூற்றிருபது.

சமையலறைக்குப் போய் சிஸ்டருக்குப் போன் போட்டாள். "இன்னும் எட்டு நிமிஷத்துக்கு ஒண்ணுதான் சிஸ்டர்."

"சரி. எனக்குப் பேங்குல ஒரு வேலை இருக்கு, முடிச்சிட்டு வரேன். அஞ்சுக்கு வந்தா உடனே கூப்பிடு."

திரும்பி வந்து உட்கார்ந்தாள். பதினான்கு வருஷத்தில் சுவருக்கு அந்தப் பக்கம் எப்போதும் ஒரு டாக்டர் இருந்தார், ஒரு ரத்தப் பை இருந்தது, ஒரு விளக்குப் போட்ட அறை இருந்தது. இங்கே சுவருக்கு அந்தப் பக்கம் கடிகாரம் இல்லாத ஒரு டிரைவர்தான். தையல்காரி ஒவ்வொரு முறை முனகும்போதும் இவள் கண் அந்த வயிற்றின் அடியில், துணிக்கு உள்ளே இருக்கும் கோட்டிலேயே போய் நின்றது. அந்தக் கோடு பிரியும் சத்தம் வெளியே கேட்குமா? கேட்காது என்றுதான் சொல்லியிருந்தார்கள். அதுதான் இன்னும் பயமாக இருந்தது.

"என்ன அக்கா, முகம் வெளுத்துருக்கு?"

"புழுக்கமா இருக்கும்மா. ஜன்னலைத் திறக்கவா?"

ஜன்னலைத் திறந்தாள். தெருவில் ஒருவன் பழைய பேப்பர் கேட்டுக்கொண்டு போனான். உலகம் அதன் பாட்டுக்கு நடந்துகொண்டிருந்தது. அது கொஞ்சம்கூட நம்பும்படி இல்லை. மறுபடி எண்ணினாள். நூற்றுப் பதினாறு. எட்டு நிமிஷத்துக்குக் கொஞ்சம் குறைவு. இன்னும் நேரம் இருக்கிறது.

அப்போதுதான் டிரைவர் கதவைத் தட்டினான். கூப்பிடாமல் வந்து நின்றான். கையில் டிப்போவில் கொடுக்கும் டிரிப் சீட்டு ஒன்று, பின்பக்கம் பூராவும் பென்சில் எழுத்து.

"என்ன தம்பி?"

அவன் மனைவியைப் பார்த்தான், இவளைப் பார்த்தான், காலால் தரையைத் தேய்த்தான். கடைசியில், "எட்டு இல்லீங்க. நாலு" என்றான்.

"எது நாலு?"

"நாலு நிமிஷத்துக்கு ஒண்ணு. ஒன்பது மணியில இருந்து." காலுறைக்குள் விரலை விட்டுக் கைக்கடிகாரத்தை எடுத்தான். "கழட்டுன்னீங்க. கழட்டினேன். தூர வைக்கலை. எங்க வேலையில நிமிஷம் எழுதலைன்னா கை நடுங்கும். நீங்க போன்ல எட்டுன்னு சொன்னது காதுல விழுந்துச்சு. உங்களுக்குத் தெரியாததா, நான்தான் தப்பா எழுதறேன்னு நினைச்சேன். மூணு தடவை சரி பாத்தேன். நாலுதான்."

லிஃப்ட் அக்கா சீட்டை வாங்கிப் பார்த்தாள். கோடு கோடாக, ஒரு பஸ் எந்த நிறுத்தத்துக்கு எப்போது வந்தது என்று எழுதுவது போல, தையல்காரியின் ஒவ்வொரு முனகலும் எழுதியிருந்தது. 10.12. 10.16. 10.20.

தன் மார்பில் கையை வைத்தாள். மூச்சு ஓடிக்கொண்டிருந்தது, துரத்தப்பட்ட ஆட்டின் மூச்சு போல. பதினைந்துக்கு ஒரு நிமிஷம் என்று நம்பி எண்ணிக்கொண்டிருந்த அந்த மூச்சு, பயத்தில் முப்பதாகியிருந்தது. காலையிலிருந்தே அப்படித்தான் இருந்திருக்க வேண்டும். அவளுக்குத் தெரியவே இல்லை. இத்தனை வருஷம் பிசகாத கடிகாரம், பயப்படக் காரணம் இல்லாத இடங்களில் மட்டும்தான் பிசகாமல் ஓடியிருக்கிறது.

சிஸ்டர் ஊரின் அந்தக் கோடியில் ஏதோ ஒரு வரிசையில் நிற்கிறார். தாளில் எழுதிய முதல் வரி தவறிப்போய் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகிறது.

"கிளம்பலாம்மா" என்றாள்.

தையல்காரி மிஷின் பலகையை விடவில்லை. "எதுக்கு? நல்லாத்தானே போகுது? சீக்கிரம் ஆனா நல்லதுதானே?"

"சிஸ்டர் வர நேரமாகும்."

"நீங்க இருக்கீங்கல்ல."

"நான் சிஸ்டர் இல்லம்மா."

"பாத்தீங்களா!" தையல்காரியின் குரல் உயர்ந்தது. "நீங்களும் கடைசியில அங்கதான் தள்ளறீங்க. என்னைக் கேக்காம ஒண்ணும் நடக்காதுன்னீங்க. நான் வர மாட்டேன். தூக்குங்க பாக்கலாம்."

டிரைவர் ஒரு அடி முன்னால் வைத்தான். லிஃப்ட் அக்கா கையை நீட்டித் தடுத்தாள். தூக்கிவிடலாம். இரண்டு பேர் போதும். ஆனால் அப்படித் தூக்கினால், ஐந்து வருஷத்துக்கு முன்னால் அந்த அறையில் நடந்ததை இவளும் செய்ததாக ஆகும். தூக்காவிட்டால் அந்தக் கோடு. அவள் தையல்காரிக்கு எதிரே தரையில் உட்கார்ந்தாள். சிரிப்பைத் தேடிப் பார்த்தாள், கிடைக்கவில்லை.

"நான் தப்பா எண்ணிட்டேன்" என்றாள். "எட்டுன்னு சிஸ்டர்கிட்ட சொன்னது பொய்யாயிடுச்சு. பயத்துல என் மூச்சு ரெண்டு மடங்கா ஓடுது. எனக்குத் தெரியவே இல்லை. நீ வந்து கேட்ட அன்னையில இருந்து எனக்குப் பயம். ஒத்திகை அன்னைக்கும் பயம். உன்கிட்ட மறைச்சேன். இப்பவும் கையைப் பாரு."

நீட்டினாள். கை ஆடிக்கொண்டிருந்தது.

"தூக்கிட்டுப் போக மாட்டேன். சொன்ன சொல்லு சொன்னதுதான். கேக்கறேன். வாம்மா. எனக்கு இங்க என்ன பண்றதுன்னு தெரியலை."

தையல்காரி அந்தக் கையைப் பார்த்தாள். அதற்குள் ஒரு வலி வந்தது. வந்து, உயர்ந்து, இறங்கியது. அது இறங்கின பிறகும் அவள் பலகையை விடவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள். முன்பெல்லாம் வலி போனதும் முகத்தைத் துடைத்துக்கொள்வாளே என்று லிஃப்ட் அக்காவுக்கு அப்போதுதான் உறைத்தது.

"அக்கா."

"சொல்லு."

"நானும் ஒண்ணு மறைச்சேன்." குரல் சின்னதாகிவிட்டது. "தழும்புல வலி விடவே இல்லை. ஒரு மணி நேரமா. சொன்னா கூட்டிட்டுப் போயிடுவீங்கன்னு…"

டிரைவர் ஏற்கெனவே படியில் இறங்கி மெக்கானிக்கைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தான்.

"போலாமா?" என்றாள் லிஃப்ட் அக்கா. அந்த நேரத்திலும் கேட்டாள்.

"போலாம். ஆனா அங்க என்ன பண்றாங்கன்னு ஒண்ணு விடாம எனக்குச் சொல்லணும். என்னைத் துணி மாதிரி விட்டுடக் கூடாது."

"சொல்றேன்."

நாற்காலி இறங்கியது. மெக்கானிக் இம்முறை வாயைத் திறக்கவில்லை. லிஃப்ட் அக்கா முன்னால் பின்பக்கமாக இறங்கிக்கொண்டே, ஒரு கையால் போனைக் காதில் வைத்துச் சிஸ்டரிடம் கத்தினாள், மறு கையால் தையல்காரியின் காலைத் தாங்கினாள். "இப்ப ரெண்டாவது மாடித் திருப்பம். சாய்ப்பாங்க. பயப்படாதே, இல்லை, பயப்படு, பரவாயில்லை, நானும் பயந்துதான் இருக்கேன்." சிஸ்டர், "நேரா ஆஸ்பத்திரிக்குப் போ, நான் டாக்டரம்மாவுக்குப் பேசிடறேன்" என்று கத்தியது போன் இல்லாமலே கேட்டிருக்கும். டிரைவர் எந்த நிறுத்தத்தையும் திரும்பிப் பார்க்கவில்லை. ஒரு சிவப்பு விளக்கை அவன் பார்த்தானா என்பதும் சந்தேகம்தான்.

வாசலில் அதே காவல்காரர். லிஃப்ட் அக்காவைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. விசிலை எடுக்கவில்லை.

"என்ன அக்கா, இன்னைக்கும் ஒத்திகையா? இன்னைக்குத் தலையணை யாருக்கு?"

எத்தனை நேரத்தைப் படியில் மிச்சம் பிடித்தார்களோ, அதை இந்த மனுஷனின் சிரிப்பு தின்றுகொண்டிருந்தது. டிரைவர் கதவைத் திறந்து இறங்கினான். பத்து வார்த்தைக்கு ஒன்று பேசுகிறவன், அன்றைக்கு ஒரே மூச்சில் பேசின வார்த்தைகளை இங்கே எழுத முடியாது. காவல்காரர் விசிலை ஊதினார். சக்கர நாற்காலி ஓடி வந்தது.

லிஃப்ட் அக்கா கூடவே ஓடினாள், ஓடிக்கொண்டே சொன்னாள். "இப்ப கையில ஊசி குத்தறாங்க. இது குழந்தையோட துடிப்பைக் கேக்கற பெல்ட்டு. நர்ஸ் முகத்தைச் சுளிக்கறா, துடிப்பு குறைஞ்சிருக்கு, மறைக்கலை, குறைஞ்சிருக்கு. டாக்டரம்மா வந்துட்டாங்க. ஆபரேஷன்ங்கறாங்க. கையெழுத்துக் கேக்கறாங்க. போடறியா?"

"போடறேன்."

ஆபரேஷன் அறையின் வாசல் வந்தது. பெரிய நர்ஸ் குறுக்கே கையை வைத்தார். "நீங்க இதுக்கு மேல வர முடியாது."

தையல்காரி லிஃப்ட் அக்காவின் மணிக்கட்டை விடவில்லை. நகம் இறங்கியது. ஒரு நொடி யாரும் அசையவில்லை. அந்த ஒரு நொடி எவ்வளவு நீளம் என்று என்னைக் கேட்டால், லிஃப்டில் கழிந்த மூன்று மணியைவிட நீளம் என்பேன்.

டாக்டரம்மா முகமூடியைக் கீழே இழுத்தார். திட்டப் போகிறார் என்று லிஃப்ட் அக்கா நினைத்தாள். திட்டுவதற்கு அவருக்கு எல்லா நியாயமும் இருந்தது.

"அவங்க என்ன சொல்லிட்டு வந்தாங்க?" என்று தையல்காரியைக் கேட்டார்.

"எல்லாத்தையும். ஒண்ணு விடாம."

"சரி. உள்ள நான் சொல்றேன். கையை விடு."

தையல்காரி விட்டாள். கதவு மூடியது.

வெளியே பெஞ்சில் டிரைவரும் லிஃப்ட் அக்காவும் உட்கார்ந்திருந்தார்கள். எதிர்ச் சுவரில் பெரிய கடிகாரம். அவள் அதைக் கழற்றவில்லை. அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். எதையாவது எண்ணினால் தேவலை என்றிருந்தது. தன் மூச்சை எண்ணுவதற்கு மட்டும் துணிச்சல் வரவில்லை. சிஸ்டர் வேர்க்க விறுவிறுக்க வந்து சேர்ந்தார். எதுவும் கேட்காமல், எதுவும் திட்டாமல் பக்கத்தில் உட்கார்ந்தார். சிஸ்டர் திட்டாமல் இருந்ததுதான் அன்றைக்கு லிஃப்ட் அக்காவை மிகவும் நடுங்க வைத்தது.

இருபத்திரண்டாவது நிமிஷத்தில் உள்ளே ஒரு அழுகைச் சத்தம். வீச்சென்று இல்லை, யாரோ பழைய கதவைத் திறப்பது போல ஒரு கிறீச். டிரைவர் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டான்.

மூன்றாம் நாள் தையல்காரி எழுந்து சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். பையன் பக்கத்தில் துணிச்சுருளாகக் கிடந்தான். லிஃப்ட் அக்கா தலைமாட்டில் நின்றாள், உட்காரத் தைரியம் இல்லை.

"டாக்டரம்மா சொன்னபடியே சொல்லிட்டு வந்தாங்க அக்கா. 'இப்ப மேல்தோல், இப்ப அடுத்தது'ன்னு. அப்புறம் திடீர்னு நிறுத்திட்டாங்க. ஒண்ணுமே சொல்லலை. சொல்லுங்கன்னு கத்தினேன். அப்பவும் சொல்லலை. பையன் அழுத பிறகுதான் பேசினாங்க."

"ஏனாம்?"

"நேத்துக் கேட்டேன். பேச்சு வரலையாம். தழும்பு அவ்வளவு மெலிசாயிருந்துச்சாம், கண்ணாடிக் காகிதம் மாதிரி. அதுக்கு அந்தப் பக்கம் பையனோட தலைமுடி தெரிஞ்சுதாம். ஓரத்துல பிரிய ஆரம்பிச்சிருந்துச்சாம்." தையல்காரி பையனின் தலைமுடியை ஒரு விரலால் ஒதுக்கினாள். "இன்னும் எவ்வளவு நேரம் தாங்கியிருக்கும்னு கேட்டேன். அதை மட்டும் கேக்காதேன்னாங்க."

லிஃப்ட் அக்கா கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள்.

"நீங்க முதல் நாளே பயந்தீங்கன்னு சொன்னீங்கல்ல?"

"ஆமாம்மா."

"அன்னைக்கே சொல்லியிருந்தா நான் கேட்டிருப்பேனா?"

லிஃப்ட் அக்கா யோசித்தாள். "மாட்டே."

"மாட்டேன்தான்" என்றாள் தையல்காரி. "ஆனா சொல்லியிருக்கணும். மறைச்சு வச்சு, நல்லாச் சிரிச்சுச் சிரிச்சு… ரெண்டு பேரும் சேர்ந்து இவனைக் கொல்லப் பாத்தோம்."

பையன் விழித்துக் கத்த ஆரம்பித்தான். தையல்காரி அவனைத் தூக்கி இவள் மடியில் போட்டாள். மன்னிப்பு என்று எடுத்துக்கொள்வதா, கை ஓய்ந்துபோய்க் கொடுத்தாளா என்று இன்றுவரை லிஃப்ட் அக்காவுக்குத் தெரியாது.

அவள் இப்போதும் அதே வேலைதான் செய்கிறாள். போன மாதம் ஒரு ஆசிரியை வந்தாள். இரட்டைக் குழந்தை, வீட்டிலேயே பெற்றுக்கொள்ள வேண்டுமாம். லிஃப்ட் அக்கா அவளை உட்கார வைத்தாள், டீ கொடுத்தாள். முகத்தில் சிரிப்பில்லாமல் சொன்னாள்.

"எனக்குப் பயமா இருக்கும்மா. எதுக்கெல்லாம் பயம்னு ஒண்ணொண்ணா சொல்லப் போறேன். நேரம் ஆகும். முடிச்சதும் நீ உன் பயத்தைச் சொல்லு. அதுக்கப்புறம் வீடா ஆஸ்பத்திரியான்னு பேசலாம்."

ஆசிரியை டம்ளரைக் கீழே வைத்தாள். கைப்பையை எடுத்தாள். வாசல் வரை போனாள். செருப்பில் ஒரு காலை நுழைத்தவள், அப்படியே நின்று, திரும்பிப் பார்க்காமல் கேட்டாள்.

"மொத்தம் எத்தனை இருக்கு?"

"நிறைய" என்றாள் லிஃப்ட் அக்கா. "உள்ள வா."